ஸ்லாட் இயந்திரத்தில் ஆடுபவருக்குச் சாதகமான நிலை என்று ஒன்று உண்மையில் உண்டா?

கேள்வி: மூலைநாற்காலி

அனைவருக்கும் வணக்கம். ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கேசினோவுக்குப் போகும் வழக்கம் உள்ளவன் நான். ஸ்லாட் இயந்திரங்களிடம் பணத்தை விட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சி என் மனத்தை விட்டு அகலாததால் இங்கே எழுதுகிறேன்.

ஸ்காரப் என்ற பெயருடைய இயந்திரத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு, போதும் என்று நான் எழுந்தேன். அதுவரை பின்னால் ஒரு தூணோரம் நின்று தொலைபேசியைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்த ஒருவர், நான் இரண்டடி நகர்வதற்குள் அதே இருக்கையில் வந்து அமர்ந்தார். நான் வைத்திருந்த அதே பந்தயத் தொகையில் மூன்றே மூன்று சுழற்சிகள் ஆடினார். மூன்றாவது சுழற்சியில் திரையின் இடப்பக்கம் முழுவதும் வைல்டு குறிகளாக, அதாவது வேறு குறிகளுக்குப் பதிலாக நிற்கும் குறிகளாக, மாறியது. வந்த தொகைக்கான சீட்டை எடுத்துக்கொண்டு, இயந்திரத்தை ஒரு முறை கூடத் திரும்பிப் பாராமல் போய்விட்டார். வென்ற மகிழ்ச்சி அவர் முகத்தில் இல்லை. வேலையை முடித்தவரின் முகம் அது.

நெடுநேரம் பணம் தராத இயந்திரம் தரத் தயாராக இருக்கும் என்றும், நடைபாதையை ஒட்டிய இயந்திரங்கள் தாராளமாகத் தரும் என்றும் நண்பர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்த மனிதர் செய்தது இதுபோன்ற ஊகமா, அல்லது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவருக்குத் தெரிந்திருந்ததா? மேலும், சில இயந்திரங்களின் தலைப்பில் ஜாக்பாட் 500-ஐத் தொடுவதற்குள் கட்டாயம் விழும் என்று எழுதியிருக்கிறார்கள். ஜாக்பாட் தொகையைக் காட்டும் மீட்டர் 490-இல் நின்றால் அமர்ந்து ஆடலாமா? கணக்குத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: எண்கணிதம்

ஐயா, தூணோரம் நின்றவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் எழுந்து போகும்போது அந்த இருக்கையில் விட்டுச்சென்றது என்ன என்பதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஸ்காரப் பத்துச் சுழற்சிகளை ஒரு வட்டமாகக் கொண்டு இயங்குவது. சிறப்புக் குறி விழும் கட்டங்களைச் சுற்றித் தங்கச் சட்டம் விழுந்து, வட்டம் முடியும்வரை அங்கேயே தங்கும். பத்தாவது சுழற்சியில் சட்டமிட்ட கட்டங்கள் அத்தனையும் வைல்டு ஆகும். நீங்கள் ஏழாவது சுழற்சியோடு எழுந்திருக்கிறீர்கள். ஏழு சுழற்சிக்கான பணத்தைக் கட்டிச் சட்டங்களைச் சேர்த்தது நீங்கள். மீதி மூன்றுக்கு மட்டும் பணம் கட்டிப் பத்தாவதன் பலனை எடுத்துக்கொண்டது அவர். அவர் பந்தயத் தொகையை மாற்றாததற்கும் காரணம் உண்டு. இந்த வகை இயந்திரங்கள் ஒவ்வொரு பந்தய அளவுக்கும் தனித்தனியாக நிலையை நினைவில் வைத்திருக்கும். தொகையை மாற்றினால் வேறொரு திரை வந்து நிற்கும். எவ்வளவு சட்டங்கள் என்பதைவிட அவை எந்த ரீலில், அதாவது சுழலும் எந்தப் பத்தியில், இருக்கின்றன என்பதையே அவர் பார்த்திருப்பார். பரிசுகள் இடப்பக்கத்திலிருந்து கணக்கிடப்படுவதால், முதல் மூன்று ரீல்களில் உள்ள ஐந்து சட்டங்கள், கடைசி இரண்டு ரீல்களில் உள்ள எட்டுச் சட்டங்களைவிட மதிப்புள்ளவை.

இப்போது உங்கள் நண்பர்களின் கூற்றுக்கு வருவோம். இயந்திரத்துக்குள் இருக்கும் எண் உருவாக்கி யாரும் ஆடாதபோதும் எண்களை ஓயாமல் உருட்டிக்கொண்டே இருக்கிறது; நீங்கள் பொத்தானை அழுத்தும் கணத்தில் வந்த எண்தான் முடிவு. முந்தைய ஆயிரம் சுழற்சிகளில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே நெடுநேரம் தராத இயந்திரம் என்பதற்கும், இப்போதுதான் தந்து முடித்த இயந்திரம் என்பதற்கும் அடுத்த சுழற்சியைப் பொறுத்தவரை எந்த வேறுபாடும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ரீலை வைத்தும் எதையும் ஊகிக்க முடியாது. 1984-இல் இங்கெ டெல்னேஸ் (Inge Telnaes) என்பவர் பெற்ற காப்புரிமைக்குப் பிறகு, ரீலில் 22 இடங்கள் இருப்பதாக நாம் காணும்போது உள்ளே கணினி நூற்றுக்கணக்கான இடங்களைக் கொண்ட ஒரு கற்பனை ரீலைச் சுழற்ற முடியும் என்றாகிவிட்டது. மெகாபக்ஸ் என்ற ஸ்லாட் ஆட்டத்தின் ஜாக்பாட்டுக்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒன்று என்று சொல்லப்படுவது இந்த ஏற்பாட்டினால்தான். ஒரு ரீலுக்கு 368 இடங்கள் என்று வைத்து மூன்று ரீல்களையும் பெருக்கிப் பாருங்கள், 4,98,36,032 வரும்.

எனவே சுழற்சியில் சாதகம் தேடுவது வீண் வேலை. தேட வேண்டியது வேறு: முன்பு ஆடியவர்கள் கட்டிய பணத்தின் ஒரு பகுதியை இயந்திரம் எங்கேனும் சேமித்து வைத்திருக்கிறதா, அந்தச் சேமிப்பு அடுத்து அமர்பவருக்குக் கிடைக்குமா, அதன் அளவு கண்ணுக்குத் தெரிகிறதா? ஓஷன் மேஜிக் ஆட்டத்தில் குமிழிகள் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு படி மேலே ஏறும். இடப்பக்க ரீல்களின் அடிவரிசையில் குமிழிகளை விட்டுவிட்டு ஒருவர் எழுந்தால், அவை மேலே ஏறி மறையும்வரை அடுத்தவருக்கு வைல்டாக உதவும். சட்டமோ குமிழியோ, கொள்கை ஒன்றுதான்.

நீங்கள் கேட்ட 500 மீட்டரும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்குத் தெளிவாகக் கணக்குப் போட முடியும் என்பது கூடுதல் வசதி. ஒவ்வொரு முறை ஜாக்பாட் விழுந்த பிறகும், தொடக்கத் தொகைக்கும் 500-க்கும் இடையே ஒரு தொகையை இயந்திரம் இரகசியமாகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்கிறது. மீட்டர் அதைத் தொடும்போது ஜாக்பாட் விழும். அந்தத் தொகை எங்கே வேண்டுமானாலும் சம வாய்ப்புடன் இருக்கலாம் என்று முதலில் வைத்துக்கொள்வோம். தெரிய வேண்டியவை இரண்டு. பந்தயப் பணத்தில் எத்தனை விழுக்காடு மீட்டரில் ஏறுகிறது என்பது ஒன்று. இந்த ஜாக்பாட்டைச் சேர்க்காமல் பார்த்தால் இயந்திரம் எத்தனை விழுக்காட்டைப் பிடித்துக்கொள்கிறது என்பது மற்றொன்று. பிடித்தம் 10 விழுக்காடு, மீட்டர் ஏற்றம் 0.5 விழுக்காடு என்று கொள்ளுங்கள். பின்னதால் முன்னதை வகுத்தால் 20. அந்த எண்ணில் ஒன்றைக் கழித்து, அதை அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டியதால் வகுத்து, உச்சவரம்பால் பெருக்கினால் இழப்பும் ஆதாயமும் சமமாகும் இடம் கிடைக்கும். 19-ஐ 21-ஆல் வகுத்து 500-ஆல் பெருக்க, ஏறத்தாழ 452. மீட்டர் ஏற்றம் 0.3 விழுக்காடாகவும் பிடித்தம் 12 விழுக்காடாகவும் இருந்தாலோ, சமநிலை ஏறத்தாழ 476-க்குப் போய்விடும்.

490 என்றால் இரண்டு கணக்கிலும் ஆடுபவரின் பக்கமே தராசு சாயும். ஆனால் உங்கள் இயந்திரத்தின் மீட்டர் ஏறும் வேகத்தை அளந்து பார்க்காமல் அமர வேண்டாம்.


பதில்: கடைசிஅட்டை

மேலே எழுதியவரின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கின் அடியில் கிடக்கும் ஓர் ஊகத்தை நான் அவ்வளவு எளிதாக ஏற்க மாட்டேன். ஜாக்பாட் விழும் இடம் சம வாய்ப்புடன் பரவியிருக்கும் என்று எந்த இயந்திரமும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை. உச்சவரம்பை ஒட்டியே பெரும்பாலும் விழுமாறு வடிவமைப்பதற்கு ஒரு தடையும் இல்லை. ஆகவே நான் எப்போதும் மோசமான நிலையை வைத்தே கணக்குப் போடுவேன்: ஜாக்பாட் சரியாக 500-இல்தான் விழும் என்று எண்ணிக்கொள்வேன். அப்படியானால் அதே 20 என்ற எண்ணுக்குச் சமநிலை 452 அன்று, 475. எண் 40 ஆனால் 487.5. இந்த அளவைத் தாண்டிய பிறகு அமர்ந்தால், வடிவமைத்தவர் எதை நினைத்திருந்தாலும் எதிர்பார்ப்பு உங்கள் பக்கம்.

பிடித்தம் 10 விழுக்காடு என்பதையும் யார் சொன்னது? ஸ்லாட் இயந்திரத்தின் வெளிப்புறத்தில் பரிசு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு குறியும் எத்தனை முறைக்கு ஒரு முறை விழும் என்பது இருக்காது. அது தயாரிப்பாளர் கேசினோவுக்குத் தரும் பார் ஷீட்டில் மட்டுமே இருக்கும். ஒரே முகப்பு, ஒரே இசை, ஒரே பெயர் கொண்ட இரண்டு இயந்திரங்கள் வெவ்வேறு திருப்பு விழுக்காட்டில், அதாவது பந்தயப் பணத்தில் ஆடுபவருக்குத் திரும்பும் பங்கில், அமைக்கப்பட்டிருக்கலாம். அமெரிக்காவின் நெவாடாவில் சட்டப்படியான குறைந்தபட்சத் திருப்பு 75 விழுக்காடு, நியூ ஜெர்சியில் 83. இந்த எண்களுக்கு மேல் எங்கே இருக்கிறது என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

இந்தக் காரணத்தால்தான் நான் பல ஆண்டுகளுக்கு முன்பே, திரையில் சீட்டாடும் வீடியோ போக்கருக்கு மாறிவிட்டேன். தலைப்புக்குச் சற்று வெளியே போவதாக நினைக்க வேண்டாம். அதே கூடத்தில், அதே வரிசையில், அதே போன்ற பெட்டியில் இருக்கும் ஆட்டம்தான் அது. வேறுபாடு என்னவென்றால், 52 சீட்டுகளின் வாய்ப்பு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால், பரிசு அட்டவணையைப் படித்தாலே இயந்திரத்தின் திருப்பு விழுக்காடு தெரிந்துவிடும். ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற வகை ஆட்டத்தில், ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்கு 9, ஃப்ளஷ் என்ற சேர்க்கைக்கு 6 என்று தந்தால், பிழையின்றி ஆடுபவருக்கு 99.54 விழுக்காடு. அதே பெட்டியில் 8, 5 என்று இருந்தால் ஏறத்தாழ 97.3. அந்த இரண்டு வரிகளைப் பார்க்காமல் அமர்பவர்களே மிகுதி. முழுப் பரிசு தரும் டியூசஸ் வைல்டு என்ற இன்னொரு வகை 100.76 விழுக்காடு வரை போகும். ஆனால் அது இப்போது அரிதிலும் அரிது.

வளரும் ஜாக்பாட் உள்ள வீடியோ போக்கரிலும் நீங்கள் தேடும் சாதக நிலை உண்டு. 9, 6 அட்டவணையில் ஐந்து நாணயப் பந்தயத்துக்கு மிக உயர்ந்த சேர்க்கையான ராயல் ஃப்ளஷ் வழக்கமாக 4,000 நாணயம் தரும். அது ஏறத்தாழ 4,900-ஐத் தாண்டும்போது ஆட்டம் ஆடுபவரின் பக்கம் சாய்கிறது. ராயல் ஃப்ளஷ் சுமார் 40,000 கைகளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதை மட்டும் யாரும் மறந்துவிட வேண்டாம்; சாதகம் இருக்கிறது என்பதும், இன்று மாலை பணம் வரும் என்பதும் ஒன்றல்ல.


பதில்: கூடக்காவல்

நான் சில ஆண்டுகள் ஒரு கேசினோவின் ஸ்லாட் கூடத்தில் பணியாற்றியவன். கணக்கைப் பற்றி மேலே இருவரும் எழுதியதற்கு மேல் நான் சேர்ப்பதற்கு அதிகம் இல்லை. கூடத்தில் நின்று பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி கேட்டவர் பார்த்த மனிதரைப் போன்றவர்கள் எங்கள் கூடத்தில் நாள்தோறும் ஏழெட்டுப் பேர் வருவார்கள். அவர்கள் ஆடும் நேரத்தைவிட நடக்கும் நேரமே அதிகம். ஒரே பாதையில் நடப்பார்கள், ஒவ்வொரு இயந்திரத்தின் பந்தயப் பொத்தானையும் பணம் போடாமலேயே மாற்றி மாற்றி அழுத்தி, எந்த அளவில் என்ன நிலை மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு நகர்வார்கள். ஒரு மணி நேர நடைக்கு ஒரு நல்ல இயந்திரம் சிக்கினால் பெரிது. அதுவும், வேறு ஒருவர் அதே பாதையில் ஐந்து நிமிடம் முன்னால் போயிருந்தால் இல்லை.

இவர்களிலேயே இரண்டு வகை உண்டு. ஆடுபவர் தானாக எழும்வரை விலகி நிற்பவர் ஒரு வகை. தோளருகே வந்து நின்று பெருமூச்சு விடுவது, எவ்வளவு தோற்றீர்கள் என்று விசாரிப்பது, இந்த இயந்திரம் இன்று தராது என்று சொல்லி எழுப்பப் பார்ப்பது என்று இருப்பவர் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரைப் பற்றிப் புகார் வந்தால் நாங்கள் வெளியே அனுப்பிவிடுவோம். கேசினோவுக்கு அதில் பெரிய நட்டம் இல்லை. ஜாக்பாட் யாருக்குப் போனாலும் பிடித்தம் அதேதான். எழுப்பப்பட்ட வாடிக்கையாளர் திரும்பி வராமல் போவதுதான் நட்டம். அதோடு, இருக்கையில் யாரும் இல்லாவிட்டாலும் திரையில் பணம் மிச்சம் இருந்தால் அந்த இயந்திரத்தைத் தொடாதீர்கள். குமிழியையும் சட்டத்தையும் விட்டுச்செல்வது வேறு, பணத்தை விட்டுச்செல்வது வேறு. அதை எடுத்து ஆடியதற்காகக் கேமராப் பதிவோடு அழைத்து விசாரிக்கப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். இப்போதைய இயந்திரங்களில் பல, நிலையைச் சேமிப்பது போன்ற தோற்றத்தை மட்டுமே தருகின்றன. திரையின் மேலே ஒரு பானை இருக்கும். நாணயம் விழ விழ அது பெருத்துக்கொண்டே போகும். வெடிக்கப் போகிறது என்று பார்ப்பவர் நினைப்பார். பானை ஒல்லியாக இருந்தாலும் பருத்திருந்தாலும் அடுத்த சுழற்சியில் அது உடைவதற்கான வாய்ப்பு ஒன்றேதான் என்று உதவித் திரையில் எழுதியிருப்பார்கள். அந்தத் திரையை யாரும் திறப்பதில்லை. பானை பருத்திருக்கிறது என்பதற்காகவே நள்ளிரவு வரை எழாமல் இருந்தவர்களுக்கு நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எந்த இயந்திரத்திலும் அமர்வதற்கு முன் உதவித் திரையைத் திறந்து, நிலை அடுத்தவருக்கும் தொடருமா, பந்தய அளவோடு கட்டுப்பட்டதா என்று படித்துவிடுங்கள்.

நடைபாதையோரத்து இயந்திரங்கள் தாராளமானவை என்ற பேச்சு என் காதிலும் நூறு முறை விழுந்திருக்கிறது. எங்கள் கூடத்தில் ஓர் இயந்திரத்தை எங்கே வைப்பது என்பது மின் இணைப்பையும் நாற்காலி இடைவெளியையும் பொறுத்தே பெரும்பாலும் முடிவாகும்.


மூலைநாற்காலி எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு நேற்று ஒரு தாளும் பென்சிலுமாகப் போய் வந்தேன். 500 உச்சவரம்பு கொண்ட ஒரு தனி இயந்திரம். வேறு எதனோடும் இணைக்கப்படவில்லை. ஒரு சுழற்சிக்கு 0.50 வீதம் 80 சுழற்சிகள் ஆடினேன், அதாவது மொத்தப் பந்தயம் 40. தொடங்கும்போது மீட்டர் 461.12, முடித்தபோது 461.24. நண்பர் எண்கணிதம் சொன்னபடி 10 விழுக்காடு பிடித்தம் என்று வைத்துக்கொண்டால், இது அமரத் தக்க இயந்திரமா? இடையில் 11 இழந்தேன் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.


பதில்: எண்கணிதம்

40 பந்தயத்துக்கு மீட்டர் 0.12 ஏறியிருக்கிறது, ஆக 0.3 விழுக்காடு. 10-ஐ 0.3-ஆல் வகுத்தால் 33.3. சம வாய்ப்பு முறையில் சமநிலை ஏறத்தாழ 471. நண்பர் கடைசிஅட்டை வற்புறுத்தும் மோசமான நிலைக் கணக்கில் 485. மோசமான நிலையைக் கணக்கிடச் சொன்னது சரியே. நானும் இனி அதையே முன்வைப்பேன். நீங்கள் அளந்த 461 இரண்டுக்கும் கீழே இருக்கிறது.

எவ்வளவு கீழே என்பதை நேரமாக மாற்றிப் பார்த்தால் நன்கு விளங்கும். 461.24-இலிருந்து 500 வரை உள்ள தூரத்தில் சராசரியாகப் பாதி போனால் விழும் என்று வைத்தாலும், மீட்டரை அவ்வளவு ஏற்ற ஏறத்தாழ 6,460 பந்தயம் கட்ட வேண்டும். அதில் பிடித்தம் 646. கிடைக்கும் ஜாக்பாட்டோ சராசரியாக 481. ஒரு சுழற்சிக்கு 0.50 என்றால் ஏறத்தாழ 12,900 சுழற்சிகள். மணிக்கு 600 சுழற்சி ஆடினாலும் 21 மணி நேரம் அமர்ந்து, எதிர்பார்ப்பில் 165 இழப்பீர்கள்.

அதே மீட்டர் 488-ஐத் தொட்ட பிறகு நீங்கள் அமர்ந்தால், ஜாக்பாட் கடைசிப் புள்ளியில் விழுந்தாலும் 4,000 பந்தயத்துக்குப் பிடித்தம் 400, ஜாக்பாட் 500, எதிர்பார்ப்பில் மிச்சம் 100. அதற்கும் 8,000 சுழற்சிகள், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். சராசரியில் விழுந்தால் பாதி நேரம், மிச்சம் ஏறத்தாழ 294. இடையில் கைமுதல் கரைந்து, ஜாக்பாட் விழுவதற்கு முன்பே எழ நேர்ந்தால், இப்போது உங்கள் பின்னால் தூணோரம் நிற்பவருக்குத்தான் அந்த மீட்டரை ஏற்றிக் கொடுத்திருப்பீர்கள். நட்டத்தில் ஓடும் நாளுக்கும் போதுமான தொகை கையில் இல்லையென்றால் 488-இலும் அமர வேண்டாம். பந்தயத்தைப் பெரிதாக்கினால் நேரம் குறையும், ஆனால் ஏற்ற இறக்கம் கூடும். மேலும் எந்தப் பந்தய அளவில் ஆடினாலும் அந்த ஜாக்பாட் கிடைக்குமா என்பதை உதவித் திரையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 80 சுழற்சிகளில் மீட்டர் கடைசி இலக்கத்தில் 12 புள்ளிகள்தான் (0.12) நகர்ந்திருக்கிறது. ஒரு புள்ளி முன்பின்னாகப் படித்திருந்தாலும் 33 என்ற எண் 31 அல்லது 36 ஆகிவிடும். வேறு யாராவது ஆடும்போது சற்றுத் தள்ளி நின்று, அவர்களுடைய 400 சுழற்சிகளைக் குறித்துக்கொண்டால் உங்களுக்கு 11 கூடச் செலவாகாது.


மூலைநாற்காலி எழுதியது

புரிந்தது ஐயா. தூணோரம் நின்று தொலைபேசியைப் பார்ப்பது போல நிற்க வேண்டியவன் இனி நான்தான் போலும்.


பதில்: கூடக்காவல்

நில்லுங்கள், தவறில்லை. நடைபாதையை மறிக்காமல் நில்லுங்கள். பணியாளர் வந்து கேட்டால், அடுத்து ஆடக் காத்திருக்கிறேன் என்று உண்மையையே சொல்லுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.